மிகச் சிறந்த இசைத்தொகுப்பு எது? கொழும்பில் இந்த விவாதத்துக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் முன்விறாந்தையில், மாதந்தோறும் பௌர்ணமிப் போயா தினத்து மாலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். இதுவரை வெளிவந்த இசைத்தொகுப்புகளுள் மிகச் சிறந்தது எது என்பதே எங்கள் பேச்சு. போயா பொது விடுமுறை என்பதால் வங்கியில் வேலை செய்பவரும், ஆசிரியரும், புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவரும், பல்கலைக்கழக மாணவரும் ஒரே நேரத்தில் வந்து அமர முடிகிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். சிலர் தமக்குப் பிடித்த தொகுப்பின் பெயரைச் சொல்லிவிட்டு, யாராவது மறுத்தவுடன், "எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வேறு சிலர் ஏதோவொரு பட்டியலில் அது முதலிடம் பெற்றிருக்கிறது என்று சொல்லி, பேச்சே முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். இரண்டு வகையினருக்கும் இசையில் ஆர்வம் உண்டு. அதை வாதமாக்கும் வழிதான் கைவரவில்லை. அந்த வழியையே கீழே படிப்படியாக எழுதுகிறேன்.

விவாதம் நன்றாக நடந்ததா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே. உங்களை எதிர்த்துப் பேசியவர் அன்றிரவோ மறுநாளோ நீங்கள் முன்வைத்த தொகுப்பை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை கேட்டால், நீங்கள் பேசியது வீண்போகவில்லை.

முதலாவது படி: தொகுப்பு என்று எதைச் சொல்கிறோம் என்பதை முடிவு செய்யுங்கள்

இதைச் செய்யாமல் தொடங்கிய விவாதங்கள் பாதியில் சிக்கிக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடங்களுக்கு மேல் இசை கொள்ளாது. நீண்ட படைப்புகளைப் பல தட்டுகளில் பதிந்து, படம் ஒட்டும் அல்பத்தைப் போலத் தைத்த உறைகளுக்குள் வைத்து விற்றார்கள். 'அல்பம்' என்ற பெயர் அங்கிருந்தே வந்தது. 1948 இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33 1/3 முறை சுழலும் நெடுந்தட்டை அறிமுகப்படுத்தியபோது, ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 22 நிமிட இசையைத் தடையின்றிக் கேட்க முடிந்தது. 1982 இல் வந்த இறுவட்டில் 74 நிமிடங்கள் கொண்டன, நடுவே திருப்பிப் போடும் தேவையும் ஒழிந்தது. இந்தக் கணக்குகளை நான் இங்கே வைப்பதற்குக் காரணம் உண்டு. 1950களிலிருந்து 1980கள் வரை ஒரு தொகுப்பை உருவாக்கியவர் அதை இரண்டு பக்கங்களாகவே நினைத்தார். முதற் பக்கத்தை எதில் முடிப்பது, தட்டைத் திருப்பிப் போட்டவரை எதைக் கொண்டு வரவேற்பது என்பவை அவர் எடுத்த முடிவுகள். கைபேசியில் ஒரே மூச்சாகக் கேட்பவருக்கு இந்த முடிவுகள் தென்படுவதில்லை. அதனால் நெடுந்தட்டுக் காலத்துத் தொகுப்பாக இருந்தால், முதற் பக்கம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, ஒரு பிளேன்ரீ குடித்த பின்னரே இரண்டாம் பக்கத்தைத் தொடங்குவது எங்கள் வழக்கம்.

ஒரு கலைஞரின் புகழ்பெற்ற பாடல்களைப் பின்னர் பொறுக்கிச் சேர்த்த தொகுப்புகளை நாங்கள் ஏற்பதில்லை. அவற்றில் தொகுத்தவரின் கை இருக்கிறதே தவிர, படைத்தவரின் திட்டம் இல்லை.

திரைப்படப் பாடல்களைப் பற்றி முடிவெடுப்பதுதான் கடினம். நம்மில் பெரும்பாலானோர் இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைக் கேட்டு வளர்ந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர் என்று அறிவிப்பாளர் ஒழுங்காகச் சொல்லித் தந்ததால், ஒரு பாடலுக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதை நாம் சிறுவயதிலேயே அறிந்திருந்தோம். ஆனால் அந்தப் பழக்கம் நம்மைத் தனித்தனிப் பாடல்களைக் கேட்பவர்களாகவே ஆக்கியது. ஒரு தொகுப்பை முழுமையாகக் கேட்கும் பொறுமை தனியே பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று. ஏ. ஆர். ரகுமானின் 'ரோஜா' (1992) 'டைம்' இதழ் 2005 இல் வெளியிட்ட சிறந்த 10 திரையிசைத் தொகுப்புகளின் வரிசையில் இடம்பெற்றது. அதை விவாதத்துக்கு வெளியே நிறுத்தினால் நம்முடைய கேட்கும் அனுபவத்தின் பெரும்பகுதியையே வெளியே நிறுத்தியதாகும். ஆகவே திரையிசையை ஏற்கிறோம், ஒரு நிபந்தனையுடன்: படத்தின் காட்சியை நினைவூட்டி வாதாடக் கூடாது. பாடல்கள் காதில் விழும் அளவுக்குள்ளேயே அவற்றின் சிறப்பு நிறுவப்பட வேண்டும்.

இரண்டாவது படி: முழுவதையும், வரிசையாக, சரியான பதிப்பில் கேளுங்கள்

இந்தப் படியில் நான் பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன். பாடசாலையில் படித்த காலத்தில் கொழும்பிலிருந்த ஒரு றெக்கோடிங் பாரில் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' தொகுப்பை 60 நிமிடக் கசெற் ஒன்றில் பதிவு செய்து வாங்கினேன். தொகுப்பின் முழு நீளம் ஏறத்தாழ 43 நிமிடம். கசெற்றின் ஒவ்வொரு பக்கத்திலும் 30 நிமிடம். மிஞ்சிய நாடாவை வெறுமையாக விடக் கூடாது என்று நினைத்தோ என்னவோ, பதிந்தவர் முதற் பக்கத்தின் முடிவில் வேறொரு குழுவின் இரண்டு பாடல்களைச் சேர்த்துவிட்டார். அட்டையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவை அந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். பின்னர் ஒரு கூட்டத்தில், முதற் பக்கம் உரத்த கிற்றார் முழக்கத்தோடு முடிவதே இதன் துணிச்சல் என்று நான் வாதாடியபோது, எதிரே இருந்தவர் பொறுமையாகத் தம்மிடமிருந்த இசைத்தட்டை எடுத்து ஊசியை வைத்தார். முதற் பக்கம் உண்மையில் கிளேர் டொரி என்ற பாடகி ஒரு சொல்லும் இல்லாமல், குரலை மட்டும் கொண்டு, அலறலிலிருந்து மெல்லிய முனகல் வரை இறங்கி முடிக்கும் பாடலோடு நிற்கிறது. தட்டைத் திருப்பியவுடன் காசு விழும் ஓசையும் காசுப்பெட்டியின் ஓசையும் ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் ஒழுங்காகத் தொடங்குகின்றன. மரணத்தைப் பற்றிய ஓலத்துக்கும் பணத்தைப் பற்றிய பாடலுக்கும் நடுவே கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டியிருந்தது என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். என் வாதம் விழுந்தது. தொகுப்பின் மேலிருந்த மதிப்பு அதற்கு முன்னிருந்ததைவிடக் கூடியது.

இன்று றெக்கோடிங் பார்கள் இல்லை, ஆனால் அதே தவறு வேறு உருவங்களில் வருகிறது. கைபேசிச் செயலியில் பாடல்களைக் கலைத்துப் போடும் வசதி இயங்குகிறதா, ஒரு பாட்டின் வாலையும் அடுத்த பாட்டின் தலையையும் ஒன்றன்மேல் ஒன்று படியவிடும் வசதி இயங்குகிறதா என்று பார்த்து, இரண்டையும் நிறுத்துங்கள். இலவசக் கணக்கில் நடுவே விளம்பரம் வருமென்றால், தொகுப்பை வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யூரியூப்பில் 'முழுத் தொகுப்பு' என்ற பெயரில் ஏற்றப்பட்டிருப்பவற்றை நம்புவதற்கு முன், பாடல்களின் எண்ணிக்கையையும் மொத்த நேரத்தையும் சரிபாருங்கள்.

பதிப்பும் முக்கியமானது. பீட்டில்ஸ் குழுவின் 'ரிவோல்வர்' (1966) பிரித்தானியாவில் 14 பாடல்களோடும் அமெரிக்காவில் 11 பாடல்களோடும் வந்தது. விடுபட்ட மூன்றும் ஜோன் லெனன் முதன்மையாக எழுதியவை என்பதால், அமெரிக்கப் பதிப்பை மட்டும் கேட்டவர் அந்தத் தொகுப்பில் லெனனின் பங்கைக் குறைத்தே மதிப்பிடுவார். ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ' (1959) தொகுப்பில் முதற் பக்கத்து மூன்று பகுதிகளும், ஒலிப்பதிவு இயந்திரம் சற்று மெதுவாக ஓடிய காரணத்தால், பல ஆண்டுகளாகச் சரியான சுருதியைவிடச் சற்றே உயர்ந்து ஒலித்தன. 1990களின் மறுபதிப்புகளில்தான் அது திருத்தப்பட்டது. ஆகவே விவாதத்துக்கு வரும் இருவரும் ஒரே பதிப்பைத்தான் கேட்டிருக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ஒரு தொகுப்பைக் குறைந்தது மூன்று முறை முழுமையாகக் கேட்காமல் அதற்காக வாதாட வர வேண்டாம் என்பது என் பணிவான வேண்டுகோள். அதை எதிர்த்து வாதாடுவதற்கும் அதே மூன்று முறை தேவை.

மூன்றாவது படி: 'சிறந்தது' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

ஒருவர் விற்பனையை மனத்தில் வைத்தும், இன்னொருவர் தாக்கத்தை மனத்தில் வைத்தும் 'சிறந்தது' என்று சொன்னால், இருவரும் விடிய விடியப் பேசினாலும் சந்திக்க மாட்டார்கள். எந்த அளவுகோலால் அளக்கிறீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

விற்பனையை எடுத்துக்கொண்டால் பேச்சு விரைவில் முடிந்துவிடும். மைக்கல் ஜாக்சனின் 'த்ரில்லர்' (1982) உலகில் மிக அதிகமாக விற்ற தொகுப்பு. அதிலுள்ள ஒன்பது பாடல்களில் ஏழு அமெரிக்காவில் முதற் பத்து இடங்களுக்குள் வந்தன. 1984 இல் ஜாக்சன் ஒரே இரவில் எட்டு கிராமி விருதுகள் பெற்றார். நீடித்த புகழை எடுத்துக்கொண்டால், மேலே சொன்ன 'டார்க் சைட்' 1973க்கும் 1988க்கும் இடையில் அமெரிக்காவின் பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் 741 வாரங்கள் இருந்தது. இவை பெரிய சாதனைகள்தாம். ஆனால் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதிலிருந்து அவர்கள் எதைக் கேட்டார்கள் என்பது தெரியவராது.

தாக்கம் என்ற அளவுகோல் இதைவிடச் செழிப்பானது, ஏனென்றால் அதற்குச் சான்று காட்ட முடியும். 1965 டிசம்பரில் பீட்டில்ஸின் 'ரபர் சோல்' வந்தது. அதைக் கேட்ட, அமெரிக்காவின் பீச் போய்ஸ் குழுவின் பிரையன் வில்சன், தொடக்கம் முதல் முடிவு வரை நிரப்புப் பாடலே இல்லாத ஒரு தொகுப்பைத் தாமும் செய்ய வேண்டும் என்று எண்ணி, 23 வயதில் 'பெட் சவுண்ட்ஸ்' தொகுப்பை உருவாக்கினார். அது 1966 மே மாதத்தில் வெளியானது. அதைக் கேட்ட பீட்டில்ஸ், ஜோர்ஜ் மார்ட்டினின் தயாரிப்பில், நான்கு தட ஒலிப்பதிவு இயந்திரங்களை மட்டுமே வைத்துக்கொண்டு 1967 இல் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பாண்ட்' தொகுப்பைத் தந்தார்கள். ஒன்றரை ஆண்டுகளில் கடலின் இரு கரைகளிலிருந்தும் ஒருவருக்கொருவர் எழுதிய பதில்களாக இம்மூன்றையும் கேட்கலாம். 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' தொகுப்பின் இரண்டாம் பக்கத்தை, பீட்டில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் இந்திய இசைக்கலைஞர்களுடன் சேர்ந்து பாடிய பாடல் தொடக்கிவைக்கிறது; தம்புராவும் தில்ருபாவும் தபேலாவும் கேட்கும். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு சங்கீத ஆசிரியை அதை முதன்முறை கேட்டபோது, கண்ணை மூடிச் சற்று நேரம் விரலால் தொடையில் சுரங்களை எண்ணிவிட்டு, "இது ஹரிகாம்போஜியின் சுரங்கள் அல்லவா?" என்றார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அதுவரை ஆங்கிலப் பாட்டு என்று எட்டி நின்ற மூவர் அந்தத் தொகுப்பை வீட்டுக்கு வாங்கிச் சென்றார்கள்.

மூன்றாவது அளவுகோல் ஒருமை: பாடல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தனித்தனியே சொல்ல முடியாத எதையாவது சொல்கின்றனவா என்பது. இதையே நான் மற்ற எல்லாவற்றையும்விட மேலாக மதிக்கிறேன், ஏனென்றால் தொகுப்பு என்ற வடிவத்துக்கே உரிய சிறப்பு இதுதான். அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயின் 'வட்ஸ் கோயிங் ஒன்' (1971) இதற்குச் சிறந்த பாடம். வியட்நாம் போரில் பணியாற்றிய தம்முடைய சகோதரர் எழுதிய கடிதங்களும் சொன்ன அனுபவங்களும் கேயைப் பாதித்திருந்தன. போர்க்களத்திலிருந்து வீடு திரும்பிய ஒருவர் ஊரைப் பார்த்து, இங்கே என்ன நடக்கிறது, வேலை கிடைக்குமா, தெரிந்தவர்கள் எங்கே என்று கேட்பதாகப் பாடல்கள் தொடர்கின்றன. முதற் பக்கத்துப் பாடல்களுக்கு நடுவே மௌனம் இல்லை. ஒன்றின் முடிவில் மற்றொன்று பிறந்துவிடுகிறது. கேயின் குரலே இரண்டு தடங்களில் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதைக் கேட்கலாம். ஒலிப்பதிவாளர் தவறுதலாக இரண்டு பதிவுகளையும் ஒன்றாக ஒலிக்கவிட்டதிலிருந்து அந்த உத்தி பிறந்தது. கடைசிப் பாடலின் முடிவில் முதற் பாடலின் அழைப்புத் திரும்பி வருகிறது.

இந்தத் தொகுப்பை நாங்கள் போட்ட மாலையில், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர், ஆங்கிலப் பாடல்களில் பழக்கமில்லாதவர், மூன்றாவது பாடலின் நடுவில் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, முதல் பாட்டு இன்னும் முடியேல்லையோ?" அருகிலிருந்த மாணவர், "அது எப்பவோ முடிஞ்சுது ஐயா, இது மூன்றாவது" என்றார். அதிபர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "போர் முடிஞ்சு வந்த ஆளுக்கு எல்லாம் ஒரே பாட்டாத்தான் கேட்கும்" என்றார். இருபத்தாறு ஆண்டுப் போரைக் கண்ட நாட்டில், அந்த விறாந்தையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்தச் சொல் தைத்தது. ஒருமை என்ற அளவுகோலை விளக்க எனக்கு அதைவிடத் தெளிவான வழி இன்றுவரை கிடைக்கவில்லை.

நான்காவது படி: ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்

மூன்று கூற்றுகள் போதும். ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில், தொகுப்பின் எந்த இடத்தில் அதைக் கேட்கலாம் என்று பாடலின் பெயரையும் நிமிடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 'அருமை', 'உயிரோட்டம்', 'காலத்தை வென்றது' போன்ற சொற்களை அந்தத் தாளில் எழுத வேண்டாம். அவற்றை நீக்கிய பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் வாதம்.

எடுத்துக்காட்டாக, 'கைண்ட் ஒஃப் புளூ' தொகுப்புக்காக வாதாடுவதாக வைத்துக்கொள்வோம். "ஜாஸ் வரலாற்றையே மாற்றியது" என்றால் யாருக்கும் எதுவும் கேட்காது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: முதற் பகுதியில் வாத்தியக்காரர்களுக்கு வழக்கமான சிக்கலான சுரக்கூட்டு வரிசை கொடுக்கப்படவில்லை. நான்கு எண்ணிக்கை கொண்ட 16 சுற்றுகளுக்கு ஒரே சுரவரிசை. பிறகு அதே வரிசை அரைச்சுரம் மேலே ஏறி 8 சுற்றுகள். மீண்டும் இறங்கி 8 சுற்றுகள். அந்தச் சுரவரிசை நமக்குக் கரஹரப்ரியாவாகப் பழக்கமானது. ஆகவே சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு, ஒரு ராகத்தின் சுரங்களுக்குள் நின்று டேவிஸும், சாக்ஸபோன் வாசித்த ஜோன் கொல்ட்ரேனும் கனன்போல் அடர்லியும் எவ்வளவு வேறுபட்ட குணத்தோடு பேசுகிறார்கள் என்பது உடனே புலப்படும். ஆதார சுருதியே அரைச்சுரம் நகர்கிற அந்த இடம் மட்டும் திடுக்கிட வைக்கும். இவ்வளவும் 1959 இல் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரண்டே நாள் ஒலிப்பதிவில் நடந்தது. (சுரத்தை அசைக்கும் கமகம் இல்லாமல் ராகம் இல்லை என்று ஒருவர் நிச்சயம் எதிர்ப்பார். அவர் சொல்வது சரி. சுரங்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.)

தாளில் நான்காவதாக ஒன்றையும் எழுதுங்கள்: உங்கள் தொகுப்பின் பலவீனமான பாடல் எது என்று. பலவீனமே இல்லை என்பவரின் மற்றக் கூற்றுகளையும் யாரும் நம்புவதில்லை.

ஐந்தாவது படி: பட்டியல்களைச் சாட்சியாக அழையுங்கள், நீதிபதியாக அல்ல

'ரோலிங் ஸ்டோன்' இதழின் 500 தொகுப்புகள் பட்டியலில் 2003 இலும் 2012 இலும் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' முதலிடத்தில் இருந்தது. 2020 இல் புதிதாக வாக்கெடுத்தபோது 'வட்ஸ் கோயிங் ஒன்' முதலிடத்துக்கு வந்தது. 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' 24ஆம் இடத்துக்கு இறங்கியது. 1999 இல் 'டைம்' இதழ் 20ஆம் நூற்றாண்டின் சிறந்த தொகுப்பாக பொப் மார்லியின் 'எக்ஸடஸ்' (1977) தொகுப்பைத் தெரிவு செய்தது. 2024 இல் அப்பிள் மியூசிக் லோரின் ஹில்லின் 1998ஆம் ஆண்டுத் தொகுப்பை முதலில் வைத்தது. 2012க்கும் 2020க்கும் இடையில் 1967ஆம் ஆண்டு இசைத்தட்டின் ஒரு சுரம்கூட மாறவில்லை. வாக்களித்தவர்களும் அவர்கள் வாழ்ந்த காலமும் மாறினார்கள். ஒரு பட்டியலை மேற்கோள் காட்டும்போது அதன் ஆண்டையும், யார் வாக்களித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஆறாவது படி: நம்மவர் என்பதை வாதமாக்காதீர்கள், மறக்கவும் செய்யாதீர்கள்

இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்த சக்தி குழுவின் முதற் தொகுப்பு 1976 இல் வந்தது. ஜோன் மக்லோக்லினின் கிற்றாருக்கு ஈடாக அதில் வயலின் வாசித்த எல். சங்கர், யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகன். இதைச் சொன்னவுடன் கூட்டத்தில் எல்லோர் முகத்திலும் ஒரு மலர்ச்சி வரும், என் முகத்திலும்தான். ஆனால் அந்த மலர்ச்சி தொகுப்பின் தகுதிக்குச் சான்றாகாது. வயலினும் கிற்றாரும் ஒரே வேகத்தில் ஒன்றையொன்று துரத்தும் இடத்தைப் போட்டுக் காட்டுவதே சான்று. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அறியப்பட்ட மாயா அருள்பிரகாசம் தம் தந்தையின் பெயரில் 'அருளர்' (2005), தாயின் பெயரில் 'கலா' (2007) என்று இரண்டு தொகுப்புகள் தந்தவர். எங்கள் கூட்டத்தில் மிகச் சூடான மாலை 'கலா'வைப் பற்றியதாகவே இருந்தது. அவருடைய அரசியலைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேச்சு ஓடிய பின்னர், ஓர் இளம்பெண் எழுந்து, "அக்காமார், அண்ணாமார், முதலில் உறுமியைக் கேளுங்கோ" என்று சொல்லி ஒலியைக் கூட்டினார். ஊர்த் திருவிழாவில் கேட்ட தோல்வாத்தியம், இலண்டன் நடன அரங்குகளின் தாளத்துக்கு நடுவே உறுமிக்கொண்டு வந்தது. அதன் பிறகுதான் நாங்கள் இசையைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

புதியவர்களுக்கு நான் எப்போதும் முதலில் கேட்கக் கொடுப்பது இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' (1986). திரைப்படத்துக்காகச் செய்யப்படாதது, பாடல் வரிகள் இல்லை, தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக் (Bach) அவர்களுக்கும் காணிக்கையாக்கப்பட்டது, வி. எஸ். நரசிம்மனின் வயலின் முன்னே நிற்கிறது. வரிகளும் காட்சியும் கைகொடுக்காத இடத்தில் இசையைப் பற்றி மட்டும் பேசப் பழகுவதற்கு, நமக்குத் தெரிந்த குரலில் கிடைக்கும் மிக நல்ல பயிற்சிக்களம் இது. இது உலகின் மிகச் சிறந்ததா என்று கேட்டால், ஒருமையிலும் துணிச்சலிலும் எதற்கும் பக்கத்தில் வைக்கலாம் என்பேன். சில இடங்களில் தாளப் பெட்டியின் ஒலி அந்தக் காலத்துக்கே உரியதாக நின்றுவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்வேன்.

ஏழாவது படி: கூட்டத்தில்

மாலை ஐந்து மணிக்குத் தொகுப்பைப் போடுகிறோம். ஓடும்போது பேச்சில்லை, கைபேசியில்லை. கரையோரப் புகையிரதப் பாதை பக்கத்திலேயே என்பதால், மெல்லிய இடத்தில் ரயில் வந்துவிட்டால் நிறுத்தி, அது கடந்த பின் சில விநாடிகள் பின்னே சென்று தொடங்குகிறோம். 'கைண்ட் ஒஃப் புளூ'வின் முதல் அரை நிமிடம், பியானோவும் பெரிய பேஸும் தயங்கித் தயங்கிப் பேசும் இடம், ஒருநாள் மூன்று முறை இப்படிப் போனது. விலை உயர்ந்த கருவி தேவையில்லை. 2022 இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, மின்கலத்தில் இயங்கும் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை மேசை நடுவில் வைத்துச் சுற்றி நெருங்கி இருந்து கேட்டோம்.

தொகுப்பை முன்வைப்பவருக்கு ஐந்து நிமிடம். அடுத்துப் பேசுபவர் தம் மறுப்பைச் சொல்வதற்கு முன், முன்னவர் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளும் விதமாக ஒரு வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதி வந்த பின்னர் குரல் உயர்வது பாதியாகக் குறைந்தது. மூத்தவரை ஐயா, அம்மா என்றும், மற்றவர்களை அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி என்றும் அழைத்தாலும், எல்லோருக்கும் 'நீங்கள்'தான். வயதைக் காட்டி வாயடைப்பதும், "உங்களுக்கு என்ன தெரியும்" என்பதும் இல்லை. ஒருவர் ஒரு கூற்றைச் சொன்னால், "எந்த இடத்தில்?" என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு, கேட்டவுடன் அந்த இடத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். காட்ட முடியாத கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்வதில் வெட்கமில்லை, நானே பலமுறை செய்திருக்கிறேன்.

"எங்கட காலத்துப் பாட்டுப்போல இப்ப இல்லை" என்பதற்கு எதிர்வாதம் தேடாதீர்கள். சொன்னவரிடம் அவர் காலத்துத் தொகுப்பொன்றின் பெயரைக் கேட்டு, அடுத்த மாதத்துக்கு அவரையே முன்வைக்கச் சொல்லுங்கள். அப்படித்தான் ஒரு பாட்டி எம். எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாத இசைத்தட்டைக் கொண்டுவந்து, வெள்ளவத்தையில் இத்தனை வீடுகளில் இத்தனை விடியல்களில் கேட்கப்பட்ட வேறொரு தட்டைக் காட்டுங்கள் என்று கேட்டார். அன்று யாராலும் காட்ட முடியவில்லை.

வாக்கெடுப்பு நடத்துவதில்லை. முடிவில் ஒரு கொப்பியைச் சுற்றிக் கொடுக்கிறோம். அன்று கேட்ட எந்தப் பாடலை வீட்டில் மறுபடி போடப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் பெயருக்கு எதிரே எழுதுகிறோம். நீங்கள் முன்வைத்த தொகுப்பிலிருந்து ஒன்றுகூட எழுதப்படவில்லை என்றால், அடுத்த முறை உங்கள் தாளில் நிமிடங்களை மாற்றிக் குறித்துக்கொண்டு வாருங்கள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அடுத்த போயாவுக்குரிய தொகுப்பின் பெயர், பதிப்பு, மொத்த நேரம் ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்கும்; புறப்படுமுன் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.